ஐந்து காசும் இரண்டு அரசாங்கங்களும்

வங்கக் கடலின் இரு கரைகள் – தொடர் 17

1938 ஜூன் 15. அன்றுமுதல் ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் மலாயாத் தோட்டங்களுக்கென்று ஒரு தொழிலாளிக்குக்கூட இலவசக் கப்பல் சீட்டு எழுதப்படவில்லை. டில்லியிலிருந்து வந்த ஒரே உத்தரவில், முப்பது ஆண்டுகளாக ஓடிய ஆள்சேர்ப்பு நின்றது. ரஜூலா கப்பல் வழக்கம்போல நாகையைத் தொட்டு, பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதன் மேல்தளத்தில் மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்து வரும், ஆள்சேர்க்கும் கங்காணியின் ஆட்கள் இனி வரப்போவதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஐந்து காசு. ஒரு தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியில் ஐந்து காசு.

சென்ற வாரம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையோடு நிறுத்தினோம். அந்த அறிக்கையின் மை காய்ந்து இரண்டாண்டு முடிவதற்குள் நடந்ததைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். நம் தாத்தா பாட்டிகளின் வயிற்றுப்பாட்டை இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசிய கதை இது. அந்தப் பேரம் எங்கே வென்றது, எங்கே கைவிட்டது என்று தெரிந்துகொண்டால்தான், அடுத்து கிள்ளானில் வெடித்தது ஏன் என்பது புரியும்.

ஒரே முடி, இரண்டு வீடுகள்

மலாயா என்று நாம் ஒரு பெயரில் சொல்கிறோமே தவிர, அன்று அது ஒரு நாடு இல்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்ட கூட்டு மலாய் நாடுகள். மற்ற ஐந்து மலாய் நாடுகள் தனித்தனி. இவை எல்லாவற்றுக்கும் மேலே சிங்கப்பூரில் ஓர் ஆளுநர். அந்த ஆண்டுகளில் அந்த நாற்காலியில் இருந்தவர் சர் ஷென்டன் தாமஸ்.

இந்த முழுத் தீபகற்பமும் ஏறக்குறைய இன்றைய தமிழ்நாட்டின் பரப்பளவுதான். சிங்கப்பூரையும் சேர்த்து 1931-இல் மக்கள்தொகை அரைக் கோடியை எட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் 35 கோடி மக்களின் இந்தியா. நிக்கோபார் தீவுகளைத் தாண்டினால் சுமத்ரா. அதைச் சுற்றினால் மலாயா. அவ்வளவு பக்கத்து வீடு.

இரண்டு வீடுகளுக்கும் எஜமான் ஒருவர்தான், லண்டன். அப்படியிருக்க இவர்களுக்குள் என்ன ராஜதந்திரம் என்று கேட்கலாம். இருந்தது. டில்லி பேச நினைத்ததை லண்டனில் இந்தியா அலுவலகம் பேசும். மலாயா பேச நினைத்ததைக் காலனி அலுவலகம் பேசும். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் இரண்டு அறைகள் என்றாலும் அவற்றின் கவலைகள் வேறு வேறு. காலனி அலுவலகத்துக்கு ரப்பரும் ஈயமும் கவலை. டில்லிக்கோ மதராஸ் மாகாணத்தின் குரல் கவலை. கடல் கடந்து போன தன் மக்கள் கூலிகளாக அவமானப்படுகிறார்கள் என்ற கோபம் தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் மூண்டு, இந்திய அரசியலின் நரம்பில் ஏறியிருந்த காலம் அது.

அந்தக் கோபத்தின் பிள்ளைதான் 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம். உடலுழைப்புக்காக ஆள் போகலாம். ஆனால் டில்லி அனுமதித்த நாட்டுக்கு மட்டும், டில்லி விதித்த நிபந்தனைகளின்படி மட்டும் என்றது அது. நிபந்தனைகள் மீறப்பட்டால் கதவை மூடும் உரிமையையும் டில்லி தன் கையில் வைத்துக்கொண்டது. மலாயாவின் தோட்டங்கள், ரயில் பாதைகள், சாலைகள் எல்லாம் தமிழ்க் கைகளை நம்பி நின்றன. சிறிய வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாயின் திருகு பெரிய வீட்டில் இருந்தது.

ஏஜெண்ட் என்ற மனிதர்

அந்தச் சட்டத்தின்படி கோலாலம்பூரில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் அமர்த்தப்பட்டார். தூதரகமும் கொடிக்கம்பமும் இல்லாத தூதர் என்று அவரைச் சொல்லலாம். முதலில் அருளானந்தம் பிள்ளை. பிறகு சுப்பையா நாயுடு, கே. ஏ. முகுந்தன் போன்றவர்கள், 1930களின் கடைசியில் ஐ.சி.எஸ். அதிகாரி சி. எஸ். வேங்கடாச்சார், 1941-இல் சுபிமல் தத்.

ஏஜெண்டின் வேலை தோட்டம் தோட்டமாகப் போவது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தைப் பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது, மருத்துவமனைப் படுக்கைகளை எண்ணுவது, பள்ளிக்கூடம் என்ற பெயரில் ஒரு கொட்டகை இருந்தால் அதில் வாத்தியார் இருக்கிறாரா என்று பார்ப்பது, செக்-ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் போடப்பட்ட நாட்களைச் சரிபார்ப்பது. பிறகு ஆண்டுக்கொருமுறை டில்லிக்கு அறிக்கை அனுப்புவது. தொழிலாளிகள் அவரிடம் மனு கொடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து எழுத்தரான கிராணி முன்னால் சொல்ல முடியாததை எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதி அனுப்பினார்கள்.

ஆனால் தோட்ட நிர்வாகியான எந்தத் துரைக்கும் அவரால் உத்தரவிட முடியாது. எழுதலாம், சொல்லலாம், வேண்டலாம். இந்தியக் குடியேற்றக் குழு என்று ஒன்று 1907 முதல் இருந்தது. தொழில் இலாகாவின் தலைவர் அதற்குத் தலைவர். துரைமார்களும் அதிகாரிகளும் அதில் பெரும்பான்மை. அந்த மேஜையில் ஏஜெண்டுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரே ஒரு நாற்காலி. எதிரே இருந்த நாற்காலிகள் எல்லாம் கூலி கொடுப்பவர்களின் பக்கத்தில் இருந்தன.

இந்தக் குழு நடத்திய நிதியிலிருந்துதான் கப்பல் செலவு வந்தது. தொழிலாளியை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டமும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் ஆவடியில் ஏறுகிறவருக்கு இலவச டிக்கெட். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்த பிறகு, கடன் இல்லாமல் ஆளைக் கொண்டுவர இதுதான் வழி என்று மலாயா பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அந்தப் பெருமையில் உண்மையும் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியின் துண்டுக் கடன் தொழிலாளியின் கழுத்தைப் பிடித்ததுபோல மலாயாவில் பிடிக்கவில்லை. ஆனால் கடன் இல்லாத கழுத்தை வேறொன்று பிடித்தது. அதன் பெயர் கூலி விகிதம்.

அரை வெள்ளிக் கணக்கு

டில்லி கேட்ட நிபந்தனைகளில் முக்கியமானது நிர்ணயக் கூலி. ஒரு தொழிலாளி சாப்பிட்டு, உடுத்தி, பொங்கலும் தீபாவளியும் கொண்டாடி, ஊருக்கும் கொஞ்சம் அனுப்பி, முதுமைக்கும் கொஞ்சம் வைக்கும்படி கூலி இருக்க வேண்டும் என்பது டில்லியின் வாதம். அரிசி எத்தனை காந்தாங், புளி, மிளகாய், தேங்காய், துண்டு, சேலை என்று செலவுக் கணக்குகள் எழுதப்பட்டன. நம் பாட்டிமார்களின் சமையலறை முதல்முறையாக அரசாங்கக் கோப்பில் ஏறியது அப்போதுதான்.

1928-இல் ஒரு விகிதம் முடிவானது. எளிதில் போய்வரக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங் போன்ற எட்டாத இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூட.

இதை இன்று படிக்கும்போது ஒன்று நெஞ்சில் தைக்கிறது. டில்லியும் கோலாலம்பூரும் எத்தனையோ விஷயங்களில் சண்டை போட்டன. பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு என்பதில் மட்டும் இரண்டுக்கும் சண்டையே இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்கு நடந்தவள் அவள். அவளுடைய பத்துக் காசுக்காகப் பேச எந்தத் தூதரும் இல்லை.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. 1930-இல் கூலி 40 காசும் 32 காசுமாக வெட்டப்பட்டது. நடைமுறையில் அதற்கும் கீழே போன தோட்டங்கள் உண்டு. ஆள்சேர்ப்பு நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் மந்த ஆண்டுகளில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ‘வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ’ என்ற விதியை அந்த ஆண்டுகள் நம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தன. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பிப் போனவர்கள் அங்கே நிலமும் இல்லாமல், வேலையும் இல்லாமல் நின்றார்கள். 1934-இல் ரப்பர் ஏற்றுமதிக்கு அனைத்துலகக் கட்டுப்பாடு வந்து விலை நிமிர்ந்தபோது அதே கதவு மறுபடி திறந்தது. அதே மக்கள் மறுபடி வந்தார்கள்.

கதவு திறந்தது, கூலி ஏறவில்லை. இந்தச் சூழலில்தான் டில்லி சாஸ்திரியாரை அனுப்பியது. வலங்கைமானில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாக இருந்தவர், அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1936 டிசம்பரிலும் 1937 ஜனவரியிலும் அவர் மலாயாவைச் சுற்றினார். கூலியைப் பழையபடி 50, 40 காசுக்கு உயர்த்துங்கள், கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்துங்கள் என்றார். ஆனால் மலாயாவுக்கு ஆள் போவதைத் தடுக்கக் காரணம் ஒன்றும் இல்லை என்றும் எழுதினார். கோலாலம்பூரில் 1936-இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கத்தாருக்கு அது பெரும் ஏமாற்றம். துரைமார் வீட்டில் விருந்து சாப்பிட்டவர் லயத்தின் வாசலை எவ்வளவு பார்த்திருப்பார் என்ற கேள்வி அன்று பலர் மனதில் இருந்தது.

அவருடைய அறிக்கைக்கு ஒரு பலன் உண்டு. 1937-இல் கூலி மீண்டும் 50, 40 ஆனது. அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜவாஹர்லால் நேரு மகள் இந்திராவோடு மலாயா வந்தார். ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. சாஸ்திரியார் அரசாங்கத்தின் விருந்தாளி. நேரு மக்களின் விருந்தாளி. இந்தியா என்பது டில்லியில் உள்ள வைஸ்ராய் மட்டும் இல்லை என்பதைத் தோட்டத்து மக்கள் கண்ணால் பார்த்த ஆண்டு 1937.

திருகு சுழன்றது

1938-இல் அமெரிக்காவின் கார்த் தொழில் தளர்ந்தது. ரப்பர் கட்டுப்பாட்டுக் குழு மலாயாவின் ஏற்றுமதி அளவைப் படிப்படியாகக் குறைத்தது. ஆண்டின் முதல் காலாண்டில் 70 விழுக்காடு, அடுத்ததில் 60, பிறகு 45. வெட்ட மரம் இருந்தும் வெட்ட அனுமதி இல்லை. தோட்ட முதலாளிகள் உடனே பழைய பாதைக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் கூலி பத்து விழுக்காடு வெட்டப்பட்டது. ஆணுக்கு 50 காசு 45 ஆனது. பெண்ணுக்கு 40 காசு 36 ஆனது.

ஐந்து காசு என்பது என்ன? மாதம் 26 நாள் பெரட்டுக்குப் போனால் ஒரு வெள்ளி முப்பது காசு. அன்றைய மாற்றுக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு ரூபாய். ஊரில் உள்ள தாய்க்கு மாதா மாதம் போகும் மணியார்டர் அந்த இரண்டு ரூபாய்தான். லண்டனின் கணக்குப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியாத துளி. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் அது ஒரு அடுப்பு எரிவதும் எரியாததும்.

ஏஜெண்ட் வேங்கடாச்சார் எதிர்த்தார். மத்திய இந்தியர் சங்கம் எதிர்த்தது. அதன் செயலாளர் கே. ஏ. நீலகண்ட ஐயர் மலாயா இந்தியரின் பிரச்சினைகளைத் தொகுத்து அந்த ஆண்டே ஒரு நூல் வெளியிட்டார். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் சங்கத்தின் குரலாக எழுந்தார். சங்கத்தார் டில்லியிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள்.

பத்து ஆண்டுக்கு முன்னால் இந்த வேண்டுகோள் கோப்பில் தூங்கியிருக்கும். 1938 வேறு காலம். மதராசில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை. தொழிலாளர் துறை வி. வி. கிரியிடம். டில்லியின் மத்திய சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தியைப் போல அரசைக் கேள்விகளால் துளைக்கும் உறுப்பினர்கள். வெளிநாட்டு இந்தியரைக் கவனித்த கல்வி, சுகாதார, நிலத் துறையில் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் போன்ற கெட்டிக்கார அதிகாரிகள். வெள்ளை அரசாங்கமே என்றாலும் கீழே இருந்து வரும் குரலைக் கேட்காமல் இருக்க அதனால் முடியவில்லை.

ஜூன் 15-இல் தடை வந்தது. உடலுழைப்புக்காக உதவி பெற்றுப் போகும் குடியேற்றம் முழுவதும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு இதே தடை இலங்கைக்கும் போனது. மலாயாவுக்கு அன்று மூடிய கதவு பிறகு எந்நாளும் பழையபடி திறக்கவில்லை. போர் முடிந்தும் திறக்கவில்லை. இந்தியா விடுதலை பெற்றும் திறக்கவில்லை. நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் கப்பலேறி வந்த கடைசித் தலைமுறை எது என்று கேட்டால், அந்தக் கோட்டை இழுத்தது இந்தத் தேதிதான்.

சின்ன வீடு பெரிய வீட்டிடம் தோற்ற கதை என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் மலாயா தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மந்த காலத்தில் புதிய ஆள் தேவையில்லாதபோது மூடிய கதவு முதலாளிகளுக்கு உடனடி வலி தரவில்லை. சீனத் தொழிலாளிகள் இருந்தார்கள். ஜாவாவிலிருந்து ஆள் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. கோப்புகள் லண்டன் வழியாகப் போயின, வந்தன. கூலி உயர்ந்தது டில்லியின் வாதத்தால் என்பதைவிட, 1939-இல் போர் மூண்டு ரப்பருக்குத் தேவை ஏறியதால் என்பதே உண்மைக்கு நெருக்கம்.

தடையின் உண்மையான விளைவு யாரும் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. அதுவரை கூலி போதவில்லை என்று முணுமுணுத்தால் ஒரு பதில் தயாராக இருந்தது: உன் இடத்துக்கு நாகப்பட்டினத்தில் ஆள் நிற்கிறான். ஜூன் 15-க்குப் பிறகு அங்கே ஆள் நிற்கவில்லை. தோட்டத்தில் இருப்பவனே இனி தோட்டத்தின் ஆள். அவன் வேலையை நிறுத்தினால் பால் சொட்டுவது நிற்கும். இரண்டு அரசாங்கங்கள் பேசிப் பெற்றுத் தராத பலத்தை, ஆள் வராத கப்பல் தந்தது.

கிள்ளான் எழுந்தது

1941-இல் ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்குப் போய் டாலராகி, பிரிட்டனின் போரைச் சுமந்தன. ரப்பர் விலை ஏறியது. அரிசி, துணி விலையும் ஏறியது. தோட்டக் கூலி மட்டும் 50 காசைச் சுற்றியே நின்றது. அதே தோட்டத்தில் அதே வேலை செய்த சீனத் தொழிலாளி அதைவிட வெகுவாகக் கூடுதலாகப் பெற்றார். அதைத் தமிழ்த் தொழிலாளி தினமும் கண்ணால் பார்த்தார்.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டங்களில் கால் பதித்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். எழுதப் படிக்கத் தெரியாத மக்களின் கோரிக்கைகளை எழுத்தில் வடித்துத் துரைமார் மேஜையில் வைத்தவர்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒவ்வொரு மலேசியத் தமிழ்ப் பிள்ளையும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கொடுமைக்காரக் கிராணிகளையும் மேற்பார்வையாளர்களையும் நீக்குதல். பிள்ளைகளுக்கு முறையான பள்ளி. நல்ல மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடுதல். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதற்கு முடிவு. சங்கம் அமைக்கும் உரிமை. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. இவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய வழக்கத்தை ஒழித்தல்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் பட்டியல் முழுவதையும் பொருள்படுத்துவது அதுதான். டில்லியும் கோலாலம்பூரும் பதினைந்து ஆண்டுகளாக நம்மைக் காசுக் கணக்கில் பேசின. அரிசி எத்தனை, துண்டு எத்தனை என்று எண்ணின. சைக்கிளில் உட்கார்ந்தபடியே கடந்து போகும் உரிமை எந்தக் கணக்கிலும் இல்லை. அதைக் கணக்கில் சேர்த்தவர்கள் கிள்ளான் தோட்டத்து மக்களே.

ஆண்டின் தொடக்கத்தில் வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. தலையில் காந்தி குல்லா, கையில் காங்கிரஸ் கொடி. முதல் அலையில் கூலி சற்றே ஏறியது. ஆனால் மே 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லி ஊர்வலங்கள் எழுந்தன. வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர், கோல லங்காட் பக்கமும் பாய்ந்தது. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் தோட்டங்களுக்குள் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், பலர் காயமடைந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். பலர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள். நாதனும் அப்படியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

கதவை மூடிய டில்லியின் கண்முன்னே, வந்தவர்களே இப்போது சுடப்பட்டார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏஜெண்ட் சுபிமல் தத் இரண்டு பக்கமும் பேசினார், டில்லிக்கு எழுதினார். இந்திய அரசாங்கம் விசாரணை வேண்டும் என்று கேட்டது. ஆனால் போர்க் காலத்தில் டில்லியும் லண்டனின் கைக்குள்தான் இருந்தது. ரப்பர் ஓட வேண்டும் என்பதில் பெரிய வீட்டு எஜமானும் சின்ன வீட்டு எஜமானும் ஒருவரே. விசாரணைக் குழுவைப் பற்றிய கடிதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. கிள்ளான் துப்பாக்கிச் சூட்டுக்கு யார் பொறுப்பு என்று எந்த மன்றமும் கேட்கவில்லை.

கையில் மிஞ்சியது

இந்தக் கதையில் வந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சுபிமல் தத் விடுதலை இந்தியாவின் வெளியுறவுச் செயலாளர் ஆனார். என். ராகவன் சீனாவுக்கு இந்தியத் தூதரானார். ஐந்து காசுக்காகக் கோலாலம்பூரில் வாதாடக் கற்றவர்கள் உலக மேஜைகளில் உட்கார்ந்தார்கள். நீலகண்ட ஐயர் மட்டும் 1942-இல் தோக்கியோ மாநாட்டுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் மாண்டார்.

தோட்டத்து மக்கள் எங்கும் போகவில்லை. போகும் வழியும் அவர்களுக்கு இல்லை. கதவு மூடியதால் அவர்கள் மலாயாவின் மக்களானார்கள். ‘வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ’ என்று ஓடிய கூட்டம் இங்கே பிள்ளை பெற்று, இங்கே கோயில் கட்டி, இங்கே புதைந்து வேர் விட்டது. அந்த வகையில் 1938-ஆம் ஆண்டின் தடை நம் வரலாற்றின் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்று. அதை எழுதிய அதிகாரிகளுக்கு அது தெரிந்திருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். பெரிய நாடொன்று பக்கத்தில் இருப்பது பாதுகாப்புதான். அது திருகைத் திருகினால் சின்ன நாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் இரண்டு அரசாங்கங்கள் பேசும்போது நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள், நம்மோடு பேசுவதில்லை. நமக்காக நாம் பேசியது கிள்ளானில்தான். அதனால்தான் அங்கே தோட்டாவும் பாய்ந்தது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் இன்று நீங்கள் நடந்தால், சாஞ்சி ஸ்தூபியின் வாசலைப் போல வடித்த கல் தோரண வாசலைப் பார்க்கலாம். இந்தியாவின் அன்பளிப்பு, 2015 நவம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்து வைத்தது. அழகான வாசல். ரயில்வே தொழிலாளிகளின் பழைய குடியிருப்புகள் நின்ற அதே வட்டாரம் அது. அதனடியில் நின்று படமெடுக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சிதான். அங்கிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளான். அங்கே 1941-இல் விழுந்தவர்களின் பெயரை எந்த வாசலிலும் நான் கண்டதில்லை. பெயர் பொறித்த கல் வரும்வரை, நம் பிள்ளைகளுக்கு அவர்களை நினைவூட்டும் வேலை நம்முடையது. அடுத்தமுறை கிள்ளான் பக்கம் போகும்போது, பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘தாத்தா, உங்க தோட்டத்தில அப்போ என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம்: ஜப்பான் போன பிறகு மலாயா வந்து இறங்கிய இந்திய அரசாங்கப் பிரதிநிதி எஸ். கே. செட்டூர், 1946 மார்ச்சில் திரும்பி வந்த நேரு, அதே ஆண்டு பிறந்த மலாயா இந்தியர் காங்கிரஸ். ஏஜெண்ட் உட்கார்ந்த நாற்காலி தூதரின் நாற்காலியாக மாறிய கதை.

(தொடரும்)